இருபத்தெட்டாம் நாள் வலிமை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கம்ப்யூட்டர் பரவிய ஆண்டுகளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர்தான். பிரவுசிங் சென்டர், டிடிபி கடை, தட்டச்சு நிலையமாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக மாறிய மாடி அறை என்று எங்கே போனாலும் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் கிடக்கும். சிஸ்டம் ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தினால் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுவார்கள். ராமை உருவி, அதன் அடியில் உள்ள தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் தேய்ப்பார்கள். ஸ்லாட்டை வாயால் ஊதி, இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுவார்கள். திரையில் எழுத்து வந்துவிடும். சுண்ணாம்புக்கல் தூசியும் சிமெண்ட் தூசியும் பறக்கும் ஊர்களில் அது பொருத்தமான வைத்தியம்தான்; பட்டையில் படிந்த அழுக்கு போனால் மின்தொடர்பு சரியாகும். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த ரப்பர் எங்கள் தலைமுறைக்கு ஒரு தப்பான பாடத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிட்டது. ராமுக்கு இரண்டே நிலைகள்தான்: ஓடும், அல்லது ஓடாது. டிஸ்ப்ளே வந்துவிட்டால் ராம் நல்ல ராம். அதற்குப் பிறகு சிஸ்டம் ஹேங் ஆனாலும், நீலத் திரை வந்தாலும், நேற்று திறந்த கோப்பு இன்று திறக்க மறுத்தாலும் பழி வைரஸ் மேல் போகும். தீர்ப்பு 'ஃபார்மட் போட்டுவிடலாம்' என்பதாக இருக்கும். 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி, கம்ப்யூட்டர் வீட்டுக்குள்ளேயே வந்த பிறகும் இந்த நம்பிக்கை மாறவில்லை. இன்று 6000, 7200 என்று பெரிய எண்கள் அச்சிட்ட ராம் வாங்கி விளக்கு எரிய விடுகிறவர்களிடமும் அது அப்படியே இருக்கிறது.

அந்த நம்பிக்கை மறைத்துவிட்ட மூன்றாவது நிலை ஒன்று உண்டு: ஓடும், ஆனால் தப்பாக ஓடும். ஏன் என்று புரிய ராமின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ராபர்ட் டென்னார்டு 1966-ல் யோசித்து, 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் எல்லா ராமிலும் இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர், அதோடு ஒரு நுண்ணிய மின்தேக்கி; இரண்டும் சேர்ந்தது ஒரு செல். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சிக்கல் என்னவென்றால் அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம். ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு செல்லையும் படித்துப் பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும். டிடிஆர்4 தலைமுறை ராம் வரையிலான விதி, 64 மில்லி செகண்டுக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று நிரப்பிவிட வேண்டும் என்பது. சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் அந்த அவகாசம் பாதியாகி 32 மில்லி செகண்டாகக் குறைகிறது. சூடு கசிவைக் கூட்டும் என்பதை விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது. நிரப்புவதற்குள் கசிந்துவிட்டால் 1 என்று எழுதியது 0 என்று படிக்கப்படும். யாரும் கத்த மாட்டார்கள், பீப் வராது. (பிட் புரளுவதற்கு உள்ளூரிலேயே ஓர் உவமை கிடைக்கிறது: 2001 ஜனவரியில் தனி மாவட்டமான அரியலூர், 2002-ல் பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23-ல் மறுபடி தனியானது. 1, 0, 1. ஆனால் அதற்கெல்லாம் அரசாணை இருந்தது.)

இப்போது வேகத்துக்கு வருவோம். அங்கேதான் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. ராம் பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண், ஒரு செகண்டில் எத்தனை பத்து லட்சம் முறை தகவல் மாறிப் போகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டிடிஆர் 400. பிறகு டிடிஆர்3 1600. அப்புறம் டிடிஆர்4 3200. இன்று டிடிஆர்5 6000. ஒரு ராம் பட்டையின் கொள்வழி செகண்டுக்கு 3.2 ஜிகாபைட்டிலிருந்து 48 ஜிகாபைட் ஆகியிருக்கிறது, பதினைந்து மடங்கு. ஆனால் பெட்டியில் சின்ன எழுத்தில் 'சி.எல்.' என்று இன்னோர் எண்ணும் இருக்கும். ஆணை கொடுத்து எத்தனை கடிகாரத் துடிப்பு கழித்து முதல் தகவல் வரும் என்பது அது. நல்ல வகை டிடிஆர் 400-ல் அது 2. டிடிஆர்3 1600-ல் 8. டிடிஆர்4 3200-ல் 16. டிடிஆர்5 6000-ல் 30. துடிப்பின் நீளத்தோடு பெருக்கிப் பாருங்கள். நாலுக்கும் ஒரே விடை: 10 நானோ செகண்ட். இருபது ஆண்டுகளில் நகரவில்லை. அரியலூர்ச் சாலையில் நிற்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். சுரங்கத்திலிருந்து ஆலைக்கு மணிக்கு இருபது டிப்பர் போன இடத்தில் இப்போது முந்நூறு போகிறது. ஆனால் முதல் டிப்பர் கிளம்பி வந்து சேர ஆகும் நேரம் அன்றைக்கு எவ்வளவோ அவ்வளவேதான். சுண்ணாம்புக்கல் மலைபோல வேண்டும் என்கிற வேலைக்கு முந்நூறு டிப்பர் பெரிய வரம். ஒரே ஒரு கல் உடனே வேண்டும் என்கிற வேலைக்கு அதனால் லாபம் இல்லை. வீடியோ வெட்டி ஒட்டுவதும் அறிவியல் கணக்கீடும் முதல் வகை. கடைக் கணக்கு, பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல், டிடிபி போன்றவை பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே பெரிய எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் பலர், தங்களுக்குத் தேவைப்படாத வேகத்துக்குக் கொடுக்கிறார்கள். அதோடு போனால் பரவாயில்லை. கைக்காசு மட்டும்தான் நட்டம். அந்த வேகத்துக்காக நிலைத்தன்மையையும் சேர்த்து அடகு வைக்கிறோம் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

வேகத்தை அளக்க ஒரு நிமிடம் போதும். ஏதாவது ஒரு பெஞ்ச்மார்க் மென்பொருளை ஓட்டினால் எண் வந்து நிற்கும். படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிவிடலாம். நிலைத்தன்மையை அப்படி அளக்க முடியாது. 'தவறு இதுவரை வரவில்லை' என்று மட்டுமே எந்தச் சோதனையும் சொல்லும். 'வராது' என்று சொல்லாது. கணக்காகவே பார்க்கலாம். சராசரியாகப் பத்து மணி நேரத்துக்கு ஒரு முறை தவறும் ராம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வைத்தால் தினம் ஒரு தவறு, படுமோசமான சரக்கு. அதை ஒரு மணி நேரம் சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை தேறிவிடும். இரவு முழுக்க எட்டு மணி நேரம் விட்டாலும் நூற்றுக்கு நாற்பத்தைந்து தடவை தப்பித்துவிடும். முப்பது மணி நேரம் ஓட்டினால்தான் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாகக் குறையும். இவ்வளவுக்கும் இது தவறுகள் ஒரே சீராக விழும் என்று எடுத்துக்கொண்ட எளிய கணக்கு. உண்மையில் சில தவறுகள் குறிப்பிட்ட ஒரு மாதிரியில் எழுதினால் மட்டுமே தலைகாட்டும். 2014-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் பக்கத்து வரிசையின் பிட்டுகள் புரள்கின்றன என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்த 129 ராம்களில் 110 இந்தத் தட்டலுக்குப் பலியாயின. மூன்று பெரிய நிறுவனங்களின் சரக்கு அவை. சாதாரணமாக ஓட்டினால் நன்றாகவே ஓடியவை. 1994-ல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 முதற்கொண்டு இன்றுவரை சோதனை மென்பொருள்கள் ஒரே இடத்தை எல்லாம் 0, எல்லாம் 1, மாறி மாறி, முன்னும் பின்னும், குருட்டாம்போக்காக என்று பல விதமாக எழுதிப் படிப்பது இதனால்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிது மாதிரித் தோன்றலாம். ஆனால் இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்கள் இதே கேள்விக்குப் பல பத்தாண்டுகளாகப் பதில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து டால்மியாபுரத்தில் 1939-ல் சிமெண்ட் ஆலை வந்தது. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-ல். அதன் பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்து, கிரிட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பை இன்றுவரை அரைத்துக்கொண்டிருக்கின்றன. (அந்தக் கடலின் கிளிஞ்சலும் நத்தையும் பாறையில் பதிந்து கோடிக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு 64 மில்லி செகண்டைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.) மூட்டையில் 53 கிரேடு என்று போட்டிருக்கிறதே, அந்த 53 எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு எண்ணூர்த் தரமணல் கலந்து சிறு கனசதுரங்கள் வார்த்து, நீரில் பதப்படுத்தி, எந்திரத்தில் வைத்து உடையும்வரை நசுக்குகிறார்கள். மூன்றாம் நாள் குறைந்தது 27 மெகாபாஸ்கல், ஏழாம் நாள் 37, இருபத்தெட்டாம் நாள் 53. பெயராக வைத்தது கடைசி எண்ணை. சீக்கிரம் இறுகுவதும் ஒரு குணம்தான். ஆனால் பெயர் அதற்கு இல்லை. அதோடு விடுவதில்லை. கெட்டியான சிமெண்ட் பின்னால் உப்பி வெடிக்குமா என்று பார்க்க, லெ சாட்டிலியே அச்சில் வார்த்ததை மூன்று மணி நேரம் கொதிக்கும் நீரில் போடுகிறார்கள். எந்த வீட்டுச் சுவரும் கொதிநீரில் நிற்கப்போவதில்லை. பல மாதம் கழித்து வரக்கூடிய கெடுதலை ஒரே நாளில் வரவழைத்துப் பார்க்கும் தந்திரம் அது. ராம் சோதனையும் இதேதான். ஓர் இடத்தில் மட்டும் ராம் நம் பக்கம் இருக்கிறது: நசுக்கிய கனசதுரம் குப்பைக்குப் போகிறது, அதன் தம்பிதான் வீட்டுக்கு வருகிறது, ராமில் சோதித்த துண்டையே எடுத்துப் பயன்படுத்தலாம். இவ்வளவு வசதி இருந்தும் சிமெண்டுக்கு இருபத்தெட்டு நாள் காத்திருக்கும் ஊரில் ராமுக்கு ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க ஆள் இல்லை.

பெட்டியில் 7200 என்று போட்டிருக்கிறதே, நிறுவனம் சோதிக்காமலா போட்டிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. சோதித்திருப்பார்கள். எதை என்பதுதான் கேள்வி. ராம் தனியாக ஓடுவதில்லை. பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி, மதர்போர்டில் இரண்டுக்கும் நடுவே ஓடும் செப்புத் தடங்கள், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., கேபினட்டின் காற்றோட்டம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் உண்டாகிறது. இன்டெல்லின் 13-ஆம் தலைமுறை உச்ச பிராசசரான 13900கே, அதிகாரபூர்வமாக டிடிஆர்5-ல் 5600 வரைதான் பொறுப்பு எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேலே போக உதவும் எக்ஸ்.எம்.பி. என்ற வசதியை 2007-ல் கொண்டுவந்ததும் இன்டெல்தான். அதை இயக்குவது ஓவர்கிளாக் என்று சின்ன எழுத்தில் சொல்வதும் அதே இன்டெல்தான். பயாஸில் ஒரே ஒரு தேர்வு; அதைத் தட்டினால் வோல்டேஜ் ஏறும், அவகாசங்கள் சுருங்கும். டிடிஆர்4-க்கு விதிப்படி 1.2 வோல்ட், வேக ராம்களில் 1.35 வோல்ட் சாதாரணம். விதிப்படி ஓடும் ராமுக்கும் அது உண்மையில் தாங்கக்கூடிய எல்லைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். தயாரிப்பில் துண்டுக்குத் துண்டு இருக்கும் வேறுபாடு, வெயில், வயது எல்லாவற்றுக்கும் சேர்த்து விட்ட கையிருப்பு அது. செட்டிகுளம் பக்கத்து விவசாயி சின்ன வெங்காயத்தை விற்கும்போது விதைக்கென்று ஒரு பங்கைப் பட்டறையில் ஏற்றி, தரை ஈரம் படாமல், காற்று புகுந்து போகும்படி வைத்திருப்பாரே, அந்த மாதிரி. எக்ஸ்.எம்.பி. என்பது விதை வெங்காயத்தில் கை வைப்பது. பட்டறையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கை வைத்தால் அது கணக்கு. எண்ணாமல் வைத்தால் அடுத்த பட்டத்துக்கு என்ன ஆகும் என்று பெரம்பலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெயில் இங்கேதான் நுழைகிறது. ராமின் மறதி சூட்டைப் பொறுத்தது என்பதற்கு மிக அழகான சான்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ராமின் மேல் குளிர்வாயுவைத் தெளித்து மைனஸ் 50 டிகிரிக்குக் கொண்டுபோய், மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தகவல் ஏறக்குறைய முழுதாக அப்படியே இருந்தது. குளிரில் ஓட்டை சிறுக்கிறது, சூட்டில் பெருக்கிறது. ஏசி போட்ட 25 டிகிரி அறையில் சோதித்துத் தேறிய ஓர் அமைப்பை, கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஓட்டுக் கூரைக்கோ மொட்டை மாடிக்கோ கீழே உள்ள அறையில் வைத்தால் உள்ளே இருக்கும் எல்லாமே பதினைந்து டிகிரி மேலே ஏறிக்கொள்ளும். பக்கத்திலேயே கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் அனலும் ராம் மேல்தான் அடிக்கும். இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று செல்களை மறுபடி நிரப்பும் இடைவெளியையே நீட்டி வைப்பவர்களும் உண்டு. குடத்தில் ஓட்டை பெரிதாகும் மாதங்களில் நிரப்புவதையும் தள்ளிப்போடுகிறார்கள். மின்சாரத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு ஆண்டுகளில் கெட்டுப்போன கோப்புகளுக்கெல்லாம் 'கரண்டு ஏறி இறங்கி ராம் போச்சு' என்று காரணம் சொல்லப்பட்டது. வீட்டு மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் ராமை நேராகத் தொடாது, நடுவே எஸ்.எம்.பி.எஸ்ஸும் மதர்போர்டின் மின்சுற்றும் நிற்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனதால் ஹார்டு டிஸ்கில் அரைகுறையாக நின்ற கோப்புகளே அதில் பெரும்பங்கு இருந்திருக்கும். மலிவான எஸ்.எம்.பி.எஸ். சூட்டில் தடுமாறினால் ராம் வரை பாதிப்பு வரலாம் என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் மின்வாரியத்தின் தலையில் கட்டுவதும் ரப்பர் வைத்தியத்தின் தம்பிதான்.

வெயிலைப் பற்றி நான் சொன்னதற்கு எதிராக வைக்கக்கூடிய கனமான ஆதாரம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2009-ல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும், கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து எழுதிய ஆய்வு அது. அதற்கு முன்பு எல்லோரும் நினைத்ததைவிட ராம் தவறுகள் மிக அதிகம் என்று அது காட்டியது: ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு சர்வர்களில் தவறு தெரிந்தது, ராம் பட்டைகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் பாதிக்கப்பட்டன. அதுவரை என் வாதத்துக்குச் சாதகம். ஆனால் அதே ஆய்வு, வேலைப்பளுவின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தால் வெப்பநிலைக்குப் பெரிய பங்கு இல்லை என்றும் சொன்னது. அப்படியானால் கத்திரி வெயிலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியது வீணா? கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்த சர்வர்கள் குளிரூட்டிய கூடங்களில் நின்றவை. சூட்டின் ஏற்ற இறக்கமே குறுகிய எல்லைக்குள்தான். அதைவிட முக்கியம், அவற்றின் ராம்கள் விதிப்படியான வேகத்தில், கையிருப்பில் கை வைக்காமல் ஓடியவை. பட்டறை நிறைய விதை வெங்காயம் இருப்பவருக்கு ஒரு மழை பொய்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆகவே அந்த ஆய்வு என் வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது. சூடு தனியாக வில்லன் இல்லை. விதி வேகத்தில் ஓடும் நல்ல ராம் பெரம்பலூர் மே மாதத்தை அலட்சியமாகத் தாண்டிவிடும். கையிருப்பைத் தின்றுவிட்ட ராமுக்குத்தான் அதே மே மாதம் பரீட்சை.

கோடிக்கணக்கான பிட்டுகளில் ஒன்று புரண்டால் குடி முழுகிவிடுமா என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலும் முழுகாது; புகைப்படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், பாட்டில் ஒரு சின்ன கீறல் விழும். ஆனால் எந்தப் பிட் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. 2003 மே 18-ல் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஷார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு இருக்க வேண்டியதைவிட 4096 ஓட்டு அதிகம் காட்டியது கணினி. மென்பொருளைத் தோண்டிப் பார்த்தும் குறை எதுவும் அகப்படவில்லை. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நினைவகத்தில் சரியாகப் பதின்மூன்றாம் பிட் ஒன்று 0-விலிருந்து 1-க்குப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே வர முடிந்தது. அங்கே எண் சாத்தியத்துக்கு மீறிப் பெரிதாகப் போனதால் பிடிபட்டது. கூட்டுறவுச் சங்கக் கணக்கில் நாலு ரூபாய் மாறினால், மாணவரின் மதிப்பெண்ணில் எட்டு கூடினால், யார் கண்ணில் படும்? ராமில் புரண்ட பிட் ராமோடு நிற்பதும் இல்லை. 'சேவ்' கொடுத்த கணத்தில் டிஸ்குக்குப் போகிறது, அங்கிருந்து பென் டிரைவுக்கு, அங்கிருந்து காப்புப் பிரதிக்கு. தப்பான பிரதியைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிறோம். 'தினமும் நல்லாத்தானே ஓடுது' என்பவர்களுக்கு அரியலூர் தன் சொந்தத் துயரத்திலிருந்தே பதில் சொல்லும். மருதையாற்றுப் பாலத்தின் மேல் தினமும் ரயில் போய்க்கொண்டுதான் இருந்தது. 1956 நவம்பர் 23 அதிகாலை வெள்ளத்தோடு தூத்துக்குடி எக்ஸ்பிரசும் சேர்ந்து வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். உயிர்களையும் பிட்டுகளையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கம் இல்லை. தினசரி ஓட்டம் என்பது சோதனை ஆகாது என்பதற்கு அந்த ஊரில் வேறு உதாரணம் தேடுவது அபத்தமாக இருக்கும்.

டிடிஆர்5 வந்த பிறகு சிப்புக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறதே, இனி எதற்குச் சோதனை என்பவர்களும் இருக்கிறார்கள். 2020 ஜூலையில் வெளியான டிடிஆர்5 விதியில் அது உண்மைதான். செல்கள் சிறுத்துக்கொண்டே போனதால், சிப் தயாரிப்பில் தேறும் எண்ணிக்கையைக் காப்பாற்றவே முதன்மையாக அது தேவைப்பட்டது. சிப்பிலிருந்து பிராசசர் வரை தகவல் ஓடிவரும் வழியை அது காப்பதில்லை. வேகத்தை ஏற்றும்போது முதலில் தடுமாறுவதோ அந்த வழிதான். முழு வழியையும் காக்கும் ஈ.சி.சி. ராம் வேறு. அதில் கூடுதல் சிப்புகள் இருக்கும். ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் கூச்சல் போடும். உண்மையான அதிவேகக் கணினி எதை நம்புகிறது என்று பார்க்கத் தூரம் போக வேண்டாம். பக்கத்துத் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25-ல் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 'பரம் பொருள்' நிறுவப்பட்டது. அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப். செகண்டுக்கு 838 லட்சம் கோடி கணக்கு. குளிர்விக்கத் திரவத்தையே நேரடியாகக் கொண்டுபோகும் ஏற்பாடு. இந்த வகைப் பொறிகளில் எக்ஸ்.எம்.பி. கிடையாது, வண்ண விளக்கு கிடையாது. ராம் விதி வேகத்தில் ஓடும், ஈ.சி.சி. இருக்கும், எந்தப் பட்டையில் எத்தனை தவறு திருத்தப்பட்டது என்று பதிவேடு இருக்கும். பல நாள் ஓடும் கணக்கின் நடுவில் ஒரு பிட் புரண்டால் அந்த நாட்கள் அத்தனையும் பாழ். வேகத்தை அதிகம் வேண்டுபவர்கள்தான் நிலைத்தன்மையில் ஒரு பைசாகூட விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். சாதாரண மேசைக் கணினிகளில் ஈ.சி.சி. அரிதாகவே கிடைப்பது சந்தை செய்த தவறு என்பது என் கருத்து. அது மாறும்வரை நம் கையில் இருக்கும் ஒரே காவல் சோதனைதான்.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்து அவருக்கு நிற்பது சொற்பம்; மேசையில் இடம் இல்லை; வாங்க வந்தவர் கதவருகே ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் இதைக் கடைக்காரர் தலையில் கட்டுவது நடக்காத காரியம். வாங்குபவர்தான் செய்ய வேண்டும். எக்ஸ்.எம்.பி.யைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேகம் உண்மையிலேயே தேவைப்படும் வேலை இருந்தால் போடுங்கள், போட்டபின் சோதியுங்கள், தவறு ஒன்றே ஒன்று வந்தாலும் ஒரு படி கீழே இறக்குங்கள். 6000-க்குப் பதில் 5600-ல் ஓடுவதால் யாருடைய வேலையும் நிற்காது. சோதனை மென்பொருள் இலவசம், ஒரு பென் டிரைவ் போதும். கேபினட்டின் பக்கத் தகட்டை மூடி, சிஸ்டம் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அதே அறையில், ஏசி இல்லாத அறை என்றால் ஏசி இல்லாமலே, நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் மாலை ஆறு மணி வரை விடுங்கள். முப்பது மணி நேரம் ஆகிவிடும். இரண்டு மதியங்களும் அதற்குள் வந்துவிடும். செலவு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம். குளிர்காலத்தில் வாங்கியவர்கள் மே மாதம் பிறந்ததும் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.